கால் நின்றால் மோட்டாரும் நிற்க வேண்டும்: பெடல் உதவி சைக்கிளின் கதை



போன மாதம் எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் ஒரு சின்ன மையத்து வீட்டு அமைதி. கணிதம் படிப்பிக்கிற சேர், சீட்டு எடுத்த காசில் வாங்கிய "மின்சார சைக்கிள்" ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஓடிவிட்டு அடங்கிப் போயிற்று. பழுது பார்க்கிற பொடியன் பற்றரி நான்கும் செத்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று சொன்ன தொகையைக் கேட்டு சேர் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு நடந்து போனார். வண்டி இப்போது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

காசு போனதை விட இன்னொரு விஷயம் எங்களுக்கு உறுத்தியது. சேருக்குச் சீனி வருத்தம். தினமும் கொஞ்சமாவது சைக்கிள் மிதியுங்கள் என்று டொக்டர் சொன்னதால்தான் அதை வாங்கினார். ஆனால் அந்த ஒரு வருடத்தில் அவர் பெடலை மிதித்ததே இல்லை. கைப்பிடியில் எக்ஸிலேட்டர் இருந்தது, முறுக்கினால் ஓடியது. பெடல் கால் வைக்கிற கட்டையாகத்தான் இருந்தது. வாங்கும்போது சந்தேகப்பட்டுக் கேட்டாராம். "சேர், பெடல் இருக்குதானே, அப்ப சைக்கிள்தானே" என்றிருக்கிறார் கடைக்காரத் தம்பி.

அந்தப் பதிலில் முப்பது வருட வரலாறு ஒன்று மறைந்து கிடக்கிறது. வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு அதை விட்டுவிட மனமில்லை. இங்கே "மின்சார சைக்கிள்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு வண்டிகள் விற்கப்படுகின்றன. இரண்டும் பிறந்த இடம் வேறு, பிறந்த காரணமும் வேறு. அது தெரிந்தால் கடையில் நின்று என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

சைக்கிளில் மோட்டார் பூட்டுகிற யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒக்டன் போல்டன் என்பவர் 1895 டிசம்பர் 31 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின் சில்லின் நடுவில் மோட்டார், சட்டத்தின் நடுவில் பற்றரி. இன்று நம் ஊர்க் கடைகளில் நிற்கிற பல வண்டிகளின் அமைப்பும் ஏறத்தாழ இதுதான். ஆனால் அந்தக் காலத்துப் பற்றரி பாரம் கூடியது, தூரம் போகாது. பெற்றோல் எஞ்சின் வந்ததும் மின்சார சைக்கிளை உலகம் மறந்தே போனது. நம் ஊரிலும் வாப்பாமார்களின் ராலி சைக்கிளுக்குப் பிறகு வந்தது மோட்டார் சைக்கிள்தானே.

உண்மையான திருப்பம் யப்பானில் நடந்தது. நடத்தியது ஒரு மோட்டார் சைக்கிள் கம்பனி. 1980களில் யமஹா பொறியியலாளர்கள் மனிதனுக்கு இன்னும் நெருக்கமான, சின்ன ஒரு வண்டியைத் தேடினார்கள். மோட்டார் பூட்டிய சைக்கிள் செய்வது அவர்களுக்குப் பெரிய வேலையில்லை. சிக்கல் சட்டத்தில் இருந்தது. மோட்டாரால் தானாக ஓடுகிற எதுவும் அந்தக் காலத்து யப்பானில் மோட்டார் வாகனம். அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், இலக்கத் தகடு வேண்டும், ஹெல்மெட் வேண்டும். சந்தைக்குப் போய் வருகிற உம்மாவும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும், வயதான பெரியவரும் அதை வாங்கப் போவதில்லை.

ஆகவே அவர்கள் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். வண்டியை ஓட்டுவது மனிதனாகவே இருக்கட்டும். அவன் பெடலில் எவ்வளவு பலம் கொடுக்கிறானோ அதை ஒரு சென்சர் அளக்கட்டும், அதே அளவு பலத்தை மட்டும் மோட்டார் சேர்த்துக் கொடுக்கட்டும். கால் நின்றால் மோட்டாரும் நிற்கட்டும். அப்படியானால் அது சைக்கிள்தானே? இந்த வாதத்தோடு அதிகாரிகளிடம் போய்ப் பேசி, கடைசியில் ஒரு கணக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகம் வரை மனிதப் பலம் ஒரு பங்கு, மோட்டார் பலம் ஒரு பங்கு. அதற்கு மேல் மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து, 24 கிலோமீற்றரில் முழுதாக நின்றுவிட வேண்டும்.

1993 நவம்பரில் அந்த வண்டி வெளியே வந்தது. பெயர் "பாஸ்". பவர் அசிஸ்ட் சிஸ்டம் என்பதன் சுருக்கம். முதலில் கனகாவா, ஷிசுவோகா, ஹியோகோ என்ற மூன்று மாகாணங்களில் மட்டும் விற்றுப் பார்த்தார்கள். விலை 149,000 யென். எடை 31 கிலோ. உள்ளே இருந்தது நம் சேரின் வண்டியில் இருந்த அதே ஈய அமிலப் பற்றரி. ஒரு சார்ஜில் சுமார் 20 கிலோமீற்றர் போகும். இன்றைய கண்ணுக்கு அது பெரிய வண்டியில்லை. ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் ஏறிப் போகலாம் என்பதுதான் அதன் வெற்றி. அடுத்த வருடம் நாடு முழுவதும் விற்பனைக்கு வந்தது. 1995 இல் ஹொண்டாவும் "ரக்கூன்" என்ற பெயரில் ஒன்றைக் கொண்டு வந்தது.

அதன் பிறகு இதைத் தூக்கிப் பிடித்தவர்கள் தாய்மார்கள். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, கூடையில் மரக்கறி. சைக்கிள் நின்ற இடத்திலிருந்து புறப்படுகிற அந்த முதல் மூன்று நான்கு மிதிகளில்தான் வண்டி ஆடும், விழும். மோட்டார் கை கொடுப்பது அந்த இடத்தில். 2008 இல் யப்பான் தன் கணக்கைத் திருத்தியது. 10 கிலோமீற்றர் வேகம் வரை மனிதன் ஒரு பங்கு கொடுத்தால் மோட்டார் இரண்டு பங்கு கொடுக்கலாம். 2009 இல், அதற்கென்று உறுதியாகச் செய்த சைக்கிள்களில் இரண்டு சின்னப் பிள்ளைகளை ஏற்றிப் போகவும் அனுமதி வந்தது. எங்கள் டீச்சர்மார் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். இது "வேகமாகப் போகிற பொடியன்களின் சாமான்" என்று நம் ஊரில் ஒரு எண்ணம். அது வளர்ந்ததே சந்தைக்குப் போகிற தாய்மாரின் கையில்தான்.

ஐரோப்பாவிலும் இதே யோசனை தனியாக முளைத்திருந்தது. ஜேர்மனியில் எகோன் கெல்ஹார்ட் என்பவர் 1982 இலேயே, மிதித்தால் மட்டும் மோட்டார் வேலை செய்கிற ஏற்பாட்டை முன்வைத்தார். 2002 இல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லை கீறியது: மோட்டார் 250 வோற், உதவி 25 கிலோமீற்றர் வேகம் வரை, மிதிப்பது நின்றால் உதவியும் நிற்க வேண்டும். இதற்குள் நின்றால் சைக்கிள், தாண்டினால் மோட்டார் வாகனம். இந்த வகைக்கு அங்கே "பெடலெக்" என்று பெயர். அதே காலத்தில் பற்றரியும் மாறியது. கமராவுக்கும் கைத்தொலைபேசிக்கும் என்று வந்த லித்தியம் அயன் பற்றரி சைக்கிளுக்குள்ளும் வர, பாரம் பாதிக்கு மேல் குறைந்தது.

இது முதலாவது குடும்பம். கணித சேர் வாங்கியது இரண்டாவது குடும்பத்து வண்டி.

அது வளர்ந்தது சீனாவில். பல பெரிய நகரங்கள் பெற்றோல் மோட்டார் சைக்கிளைத் தடை செய்தன. 2003 இல் சார்ஸ் நோய் வந்து மக்கள் பஸ்ஸில் ஏறப் பயந்தார்கள். மலிவான மின்சார இருசில்லு வண்டி வெள்ளமாகப் பெருகியது. சட்டத்தில் அதுவும் "சைக்கிள்"தான். 1999 ஆம் ஆண்டுத் தரநிலைப்படி வேகம் 20 கிலோமீற்றர், எடை 40 கிலோ. தெருவில் ஓடியதோ ஸ்கூட்டர். சட்டத்துக்குக் காட்டுவதற்காக இரண்டு பெடலைப் பூட்டி விற்பார்கள், வாங்கியவர் வீட்டில் கழற்றி வைத்துவிடுவார். 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தரநிலை அப்போது இதைக் கொஞ்சம் இறுக்கியது: பெடல் கட்டாயம், 25 கிலோமீற்றர், பற்றரியோடு 55 கிலோ, 400 வோற்.

சீன வண்டி கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. கோடிக்கணக்கானவர்களை அது வேலைக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிறது. ஸ்கூட்டர் வேண்டும் என்று நினைத்து ஸ்கூட்டர் வாங்குகிறவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சைக்கிள் என்று நினைத்து ஸ்கூட்டரை வாங்கினால்தான் கோழிக்கூட்டுப் பக்கம் போய் நிற்கும். "பெடல் இருக்குதானே" என்ற பதிலின் வேர் இதுதான்.

இனி நம் கரைக்கு வருவோம். 2022 யாருக்கும் மறந்திருக்காது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். பாடசாலைகள் மூடப்பட்டன. பிறகு கியூ ஆர் வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பெற்றோல் செட் வரிசையில் சுபஹு தொழுதுவிட்டுப் போய் ளுஹர் வரை நின்றவர்கள் நாங்கள். அந்த நாட்களில் வாப்பாவின் துருப்பிடித்த சைக்கிளை இறக்கித் துடைத்துப் பாடசாலைக்கு மிதித்துப் போனோம். கஷ்டமாகவும் இருந்தது, ஒரு வகையில் நன்றாகவும் இருந்தது. பெற்றோல் திரும்பி வந்ததும் சைக்கிளைத் திரும்பவும் மூலையில் சாத்தினோம்.

"நம் ஊர் தட்டை நிலம், மலையா ஏறப் போகிறோம், எதற்கு மோட்டார்?" என்று பலர் கேட்கிறார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வயல் வெளி வீதியில் மேற்குப் பக்கமாக மிதித்துப் பார்த்தவர் இதைக் கேட்கமாட்டார். நாம் 15 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றும் 15 இல் வந்தால், காற்றின் தடை நான்கு மடங்காகிறது. நம் கரையின் மலை அந்தக் காற்றுதான். அதோடு வெயில். வியர்வையில் நனைந்த சேர்ட்டோடு முதலாம் பாடவேளைக்குள் நுழைவது எப்படி என்று எங்களைக் கேளுங்கள்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சென்சர். யப்பான்காரர் செய்தது போல, காலின் அழுத்தத்தை அளக்கிற டோர்க் சென்சர் ஒரு வகை. மெல்ல மிதித்தால் மெல்ல உதவும், அழுத்தி மிதித்தால் கூட உதவும். இன்னொன்று கேடன்ஸ் சென்சர். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். பலம் கொடுக்காமல் சும்மா சுற்றினாலே மோட்டார் இழுத்துக் கொண்டு போகும், புறப்படும்போது ஒரு நொடி தாமதித்துத் திடீரென்று உந்தும். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இதுதான். நேர்ச் சாலையில் இதுவும் போதும். ஆனால் சீனி வருத்தத்துக்காக மிதிக்கிறவருக்கும், பின்னால் பிள்ளையை ஏற்றுகிறவருக்கும் டோர்க் சென்சர்தான் பொருத்தம். எது இருக்கிறது என்று கடைக்காரருக்குச் சொல்லத் தெரியாவிட்டால், ஏறி இருபது யார் ஓடிப் பாருங்கள். உங்கள் காலே சொல்லிவிடும்.

மோட்டார் இருக்கிற இடத்திலும் இரண்டு வகை. சில்லின் நடுவில் இருப்பது ஹப் மோட்டார். பெடல் அச்சுக்குப் பக்கத்தில் இருப்பது நடு மோட்டார். நடு மோட்டார் கியர் வழியாக வேலை செய்வதால் மலையில் அதற்கு நிகரில்லை. கண்டியில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும். நம் கரைக்கு ஹப் மோட்டார் போதும். செயின் தேய்வதும் குறைவு, விலையும் குறைவு. ஆனால் பின் சில்லில் முள் குத்தினால் வயர் கழற்றி, நட்டுக் கழற்றி ஒட்டுப் போட வேண்டும். அதைச் செய்ய உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறாரா என்று வாங்க முதல் விசாரியுங்கள்.

பற்றரி விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போடத்தான் வேண்டும். வோல்ற்றளவை அம்பியர் மணியால் பெருக்குங்கள். 36 வோல்ற், 10 அம்பியர் மணி என்றால் 360 வோற் மணி. நாமும் மிதித்து ஓடினால் தட்டை வீதியில் கிலோமீற்றருக்குச் சுமார் 10 வோற் மணி செலவாகும். ஆக ஒரு சார்ஜில் முப்பது, முப்பத்தைந்து கிலோமீற்றர். "எழுபது போகும்" என்று அட்டையில் போட்டிருந்தால், அது காற்றில்லாத நாளில் மெலிந்த ஒருவர் மிகக் குறைந்த உதவியில் ஓடிய தூரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 1,000 வோற் மணிதான் ஒரு யுனிட். பாடசாலை 7 கிலோமீற்றர் தூரம் என்றால் ஐந்து நாள் போய் வர 70 கிலோமீற்றர். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து கிழமை முழுவதற்கும் ஒரு யுனிட்டுக்குள் முடிந்துவிடும். செலவு பற்றரி மாற்றுகிறபோதுதான் வருகிறது.

சேரின் வண்டியில் இருந்தவை 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரிகள், நான்கு. நான்கும் சேர்ந்து பதினைந்து கிலோவுக்கு மேல். அதே சக்தி கொண்ட லித்தியம் பற்றரி நான்கு கிலோவுக்குள் வரும். ஈயப் பற்றரி முழுதாக இறங்கி ஏறுவதைச் சுமார் முந்நூறு தரம் தாங்கும், நல்ல லித்தியம் ஐந்நூறிலிருந்து ஆயிரம் வரை. அதை விட முக்கியமானது, ஈயப் பற்றரியை இறங்கிய நிலையில் கிடப்பில் போடவே கூடாது. தகட்டில் ஈய சல்பேற்று படிந்து இறுகி, பிறகு சார்ஜ் ஏறாது. சேர் டிசம்பர் லீவுக்கு வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுக் கொழும்பில் மகள் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தது ஒரு மாதம் கழித்து. யாரும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. லித்தியத்துக்குக் கணக்கு வேறு. நீண்ட நாள் நிறுத்துவதென்றால் பாதிச் சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் அதன் ஆயுள் குறையும்.

லித்தியத்தில் ஒரு பயமும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. 2024 பெப்ரவரியில் சீனாவின் நான்ஜிங் நகரில் ஒரு அடுக்குமாடியில் தீப் பிடித்து 15 பேர் மௌத்தானார்கள். தீ தொடங்கியது கீழ்த் தளத்தில் மின்சார சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில். எனவே வண்டியோடு வந்த சார்ஜரையே பாவியுங்கள். வாசலையும் படிக்கட்டையும் மறித்து வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். எல்லோரும் நித்திரையான பிறகு சார்ஜில் விடாதீர்கள். விழுந்து நசுங்கிய, வீங்கிய பற்றரியை "ஓடும் வரை ஓடட்டும்" என்று வைத்திருக்காதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய பற்றரியும் அப்படித்தான். மார்கழி மழையில் நம் வீதிகள் எப்படி இருக்கும் என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழையைத் தாங்கும் என்று எழுதியிருப்பது தூறலுக்கும் தெறிக்கிற தண்ணீருக்கும்தான். முழங்கால் வெள்ளத்தில் இறக்காதீர்கள். உப்புக் காற்றுக்கு வயர் இணைப்புகளைத் துடைத்து வைப்பதும் நல்லது.

இன்னும் இரண்டு பரீட்சை, இரண்டையும் கடையிலேயே செய்யலாம். ஒன்று, மோட்டாரை நிறுத்திவிட்டு மிதித்துப் பாருங்கள். பற்றரி முடிந்த பிறகும் வீட்டுக்கு வந்து சேர முடிகிற எடையா என்று தெரியும். சேரின் வண்டியை அப்படி அரை மைல் கூட மிதிக்க ஏலாது. மற்றது, ஓடிக்கொண்டிருக்கும்போது காலை நிறுத்துங்கள். மோட்டாரும் உடனே நிற்கிறதா? பிரேக்கைத் தொட்டவுடன் விடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது முதலாவது குடும்பம். எக்ஸிலேட்டர் இருந்து முறுக்கியவுடன் ஓடினால் அதை மோட்டார் வாகனமாகவே நினையுங்கள். பதிவு, அனுமதிப்பத்திரம், காப்புறுதி பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு அறியாமல் காசைக் கட்டாதீர்கள். பொலிஸ் மறித்தால் கடைக்காரத் தம்பி வந்து நிற்கமாட்டார். பற்றரிக்கு எத்தனை மாதம் உத்தரவாதம், மாற்றுப் பற்றரி என்ன விலை என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன உத்தரவாதத்தை நம்பிய கதைதான் மேலே இருப்பது.

இத்தனைக்கும் பிறகும் பாடசாலைக்கு இரண்டு கிலோமீற்றர்தான், முழங்காலில் நோவும் இல்லை என்றால், இருக்கிற சைக்கிளுக்குப் புது டயரும் டியூப்பும் போடுங்கள். மோட்டார் தேவையில்லை. இதை எழுதினால் சிலர் கோபிப்பார்கள், ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

கணித சேர் செத்த பற்றரிகளை இரும்புக்காரருக்கு நிறைக்குக் கொடுத்துவிட்டார். நாங்கள் மூன்று பேர் அவரோடு சேர்ந்து தேடி, போன கிழமை பாவித்த யப்பான் பெடல் உதவி சைக்கிள் ஒன்றைக் கண்டுபிடித்தோம். பற்றரி பழையது, இருபது கிலோமீற்றருக்கு மேல் போகாது. சேருக்குப் போய் வர பதினான்கு. அதைக் கணக்குப் பார்த்துத்தான் வாங்கினார். முதல் நாள் கச்சானுக்கு எதிராக வந்து இறங்கியவர், "மிதிச்சன்தான், ஆனா காத்தில்லாத நாள் மாதிரி இருந்திச்சு" என்றார்.

இந்தச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு சேர் வண்டியோடு பாடசாலை மைதானத்துக்கு வருகிறார். ஓடிப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். டீச்சர்மாருக்கு ஐந்து மணியிலிருந்து தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பற்றரி இருபது கிலோமீற்றர்தான் என்பதால் ஆளுக்கு இரண்டு சுற்று மட்டும்.